இரண்டு வள்ளிகள்

மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே ஐந்து கிலோமீட்டர் போனால் சாளுவன்குப்பம். புலிக்குகை முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் பக்கத்திலேயே இருக்கும் அதிரணசண்ட மண்டபத்தை அதிகம் கவனிப்பதில்லை. சிவனுக்காகக் குடையப்பட்ட சிறிய குடைவரை அது. அதன் இரு பக்கச் சுவர்களிலும் சமஸ்கிருதக் கல்வெட்டு இருக்கிறது. ஒரு சுவரில் பல்லவ கிரந்த எழுத்து, இன்னொன்றில் நாகரி எழுத்து. வாசகம் ஏறத்தாழ ஒன்றேதான்.

நான் கணினியில் அட்டவணைகளைச் சீர்செய்து பிழைப்பவன். இரண்டு முறை வந்திருக்கும் வரிகளைக் கண்டுபிடித்து ஒன்றாக்குவது என் வேலையின் பெரும்பகுதி. அந்தக் கண்ணோடு பார்த்தால் மண்டபத்துச் சுவர்களில் இருப்பது ஓர் இரட்டைப் பதிவு. என் நிரலிடம் கொடுத்தால் எழுத்துகள் வேறு என்பதால் "இரண்டு" என்று சொல்லிவிடும். சமஸ்கிருதம் தெரிந்தவர் வாசித்துப் பார்த்து "ஒன்று" என்பார். வரலாற்று மாணவர் மறுபடி "இரண்டு" என்பார். இந்தப் பக்கத்து எழுத்தை வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் தன் பெயர் போய்ச்சேர வேண்டுமென்று ஒரு பல்லவ அரசன் நினைத்தான் என்பதற்கு அந்த இரண்டாவது சுவர்தானே சாட்சி? மூன்று பேர் சொல்வதும் சரி. ஒன்றா இரண்டா என்பது கல்லில் மட்டும் இல்லை, எதற்காகக் கேட்கிறோம் என்பதிலும் இருக்கிறது.

கல்வெட்டு விஷயத்தில் இதைப் பேசிக்கொண்டிருப்பது சுகமாக இருக்கும். வரிகளில் இருப்பது மனிதர்கள் என்றால் அந்தச் சுகம் போய்விடுகிறது.

*

எக்செல்லில் இதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. எந்தெந்தக் கட்டங்கள் ஒத்திருந்தால் ஒரே ஆள் என்று கொள்ளலாம் என்று கேட்கும். பெயர், ஊர் என்று டிக் செய்துவிட்டு அழுத்தினால், இத்தனை வரிகள் நீக்கப்பட்டன, இத்தனை மிச்சம் என்று ஒரு சிறிய பெட்டியில் சொல்லும். அவ்வளவுதான். பைத்தானில் பாண்டாஸ் என்ற நூலகத்தைக் கொண்டு எழுதினால் அதே வேலை ஒரே வரியில் முடிந்துவிடும். நீங்கள் வேறெதுவும் சொல்லாவிட்டால், ஒத்திருப்பவற்றில் முதலில் வந்ததை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் தூக்கிவிடும்.

இதில் இரண்டு முடிவுகள் ஒளிந்திருக்கின்றன. எது ஒத்திருந்தால் ஒரே ஆள்? ஒரே ஆள் என்றால் எந்த வரி பிழைக்கும்? இரண்டும் கணக்கு அல்ல, தீர்ப்பு. ஆனால் கருவி இவற்றைத் தீர்ப்பு போலக் கேட்பதில்லை, ஏதோ அலமாரி துடைப்பது போலக் கேட்கிறது. எங்கள் தொழிலில் இதற்குப் பெயரே "டேட்டா கிளீனிங்". சுத்தம் செய்வது என்று சொல்லிவிட்டால் போதும், நீக்கப்படுவதெல்லாம் தானாகவே அழுக்கு ஆகிவிடுகிறது.

நீக்காமல் இணைப்பது இன்னும் நாசூக்கான வழி. ஒரு வரியில் வயது இல்லை, மற்றதில் இருக்கிறது; ஒன்றில் தொலைபேசி எண் இல்லை, மற்றதில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து முழு வரி ஒன்று உருவாக்கலாம். முரண்பட்டால் புதிய தேதியுள்ளதை எடு, நீளமான பெயரை எடு என்று விதி எழுதலாம். உண்மையிலேயே ஒரே ஆள் என்றால் இது அருமையான வேலை. இல்லையென்றால், இவளுடைய வயதும் அவளுடைய எண்ணும் கொண்ட ஒருத்தியை நாம் படைத்திருக்கிறோம். அப்படியொரு மனுஷி எங்கேயும் பிறக்கவே இல்லை. ஆனால் பட்டியலில் அவள்தான் மற்ற எல்லோரையும்விட முழுமையாக இருப்பாள், ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்காது. சந்தேகம் யாருக்கு வரும்?

*

நம் ஊர்ப் பெயர்களோடு இந்த வேலையைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கொக்கிலமேடு என்று ஒரு மீனவ ஊர். அதன் முதல் எழுத்தான "கொ"-வைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாக. அல்லது கொம்பு தனி, கால் தனியாக இரண்டு குறிகளாக. திரையில் ஒரு மயிரிழை வித்தியாசமும் தெரியாது. ஆனால் முன்கூட்டியே எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவராத நிரலுக்கு அவை இரண்டு வெவ்வேறு ஊர்கள்.

ஆங்கிலத்தில் எழுதிய பட்டியல் என்றால் ஏழுமலை போதும் உயிரை வாங்க. "ழ"-வுக்கு ஒருவர் இசட்-எச் போடுவார், ஒருவர் எல் போடுவார், ஒருவர் இசட் மட்டும் போடுவார். சிலர் முன்னால் ஒரு ஒய்யையும் சேர்த்துக்கொள்வார்கள். இனிஷியல் ஒரு பட்டியலில் முன்னால் நிற்கும், இன்னொன்றில் பின்னால். வடநாட்டு மென்பொருள் "கடைசிப் பெயர்" கேட்டால் பாவம் அப்பாவின் பெயர் குடும்பப்பெயர் ஆகிவிடும். வயதானவர்களின் பிறந்த தேதியோ பள்ளியில் சேர்த்த அன்று வாத்தியார் உத்தேசமாகப் போட்டது. பள்ளிக்கே போகாதவர்களுக்கு அதுவும் இல்லை.

இது வேடிக்கையான பக்கம். பெண்களிடம் வரும்போது வேடிக்கை குறைகிறது. நம் பட்டியல்களில் பெயருக்கு அடுத்த கட்டம் த/பெ அல்லது க/பெ. ஒரு ஆணுக்கு அந்தக் கட்டம் பிறப்பிலிருந்து இறப்புவரை மாறாது. பெண்ணுக்குக் கல்யாணத்தோடு மாறிவிடும். பிறந்த வீட்டுப் பட்டியலில் அப்பாவின் மகளாகவும் புகுந்த வீட்டுப் பட்டியலில் கணவரின் மனைவியாகவும் ஒரே பெண் இரண்டு வரிகளில் இருப்பாள். நிரல் அவற்றைச் சேர்த்துப் பார்க்கவே பார்க்காது. மறுபுறம், தாத்தா பாட்டி பெயரையே பேரப்பிள்ளைகளுக்கு வைக்கிற ஊரில், ஒரே பெயருள்ள இரண்டு பெண்கள் ஒரே பெயருள்ள இரண்டு ஆண்களைக் கட்டிக்கொண்டு அடுத்தடுத்த தெருவில் இருப்பார்கள். நிரல் அவர்களை ஒருத்தியாக்கிவிடும். ஒருத்தியை இரண்டாகவும் இருவரை ஒன்றாகவும் காட்டுவது ஒரே கட்டம்தான். ஆணின் பெயரை வைத்து அவளை அடையாளம் காண்கிற கட்டம்.

*

கடலோரத்துக் குப்பங்களில் வேலை செய்யும் ஒரு சிறு தன்னார்வக் குழுவுக்காக மூன்று பட்டியல்களை ஒன்றாக்கிக் கொடுத்தேன். மீன் விற்கும் பெண்களுக்கு ஐஸ்பெட்டி கொடுக்கிற திட்டம். நிரல் சந்தேகப்பட்ட ஜோடிகளை மட்டும் தனிக் கோப்பாக எடுத்துக்கொண்டு, ஊர் ஊராகப் போய்வருகிற அந்தக் குழுவின் அக்காவிடம் உட்கார்ந்தேன். பெயர்களை மாற்றிச் சொல்கிறேன். ஒரு ஜோடி: வள்ளி, க/பெ ஏழுமலை, ஒரே குப்பம், வயது 42. இரண்டாவது வரியும் அதேதான், வயது மட்டும் 43.

அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"இது ரெண்டும் வேற வேற ஆளு சார். ஒருத்தி கோயிலாண்ட. இன்னொருத்தி சுனாமி குடியிருப்பு."

"எப்படி ரெண்டு பேரையும் ஊர்ல பிரிச்சு சொல்லுவீங்க?"

அக்கா சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி இரண்டு பட்டப்பெயர்களைச் சொன்னார். ஒன்று உடம்பைப் பற்றியது. மற்றது அந்தப் பெண்ணின் மாமியார் காலத்திலிருந்து வீட்டோடு ஒட்டிக்கொண்டது.

எனக்கு விடை கிடைத்துவிட்டதாகத் தோன்றியது. படிவத்தில் இல்லாமல் போன கட்டம் அதுதான். ஒரே நாலைந்து பெயர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுழல்கிற ஊர், குழப்பத்தைத் தீர்க்கத் தானே உண்டாக்கிக்கொண்ட சாவி பட்டப்பெயர். அதையும் ஒரு கட்டமாகச் சேர்க்கலாமா என்று கேட்டேன்.

"அதெல்லாம் எழுதாதீங்க சார். மூஞ்சிக்கு நேரா யாரும் சொல்ல மாட்டாங்க."

அந்தப் பதில் என் வேலையைப் பற்றி நான் படித்த பல விஷயங்களைவிடப் பெரியது. அவளை மற்றவளிடமிருந்து பிரித்துக்காட்டும் ஒரே சொல், அவள் காதில் விழக் கூடாத சொல். இன்னொருத்தியோடு குழம்பாமல் இருக்க வேண்டுமானால் தன்னைப் பற்றிக் கூடுதலாகத் தெரிய விட வேண்டும் என்பதுதான் எல்லாப் பட்டியல்களும் மனிதர்களிடம் கேட்கும் விலை. பட்டப்பெயர் கொடுக்காவிட்டால் ஆதார் எண் கொடு, கைரேகை கொடு, கண்மணி கொடு. வலை இழுத்து, உப்பிலும் ஐஸிலும் கை ஊறி, ரேகை தேய்ந்துபோனவர்களிடம் அந்த விலையைக் கேட்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு.

கடைசியில் அம்மா பெயரைக் கேட்டு எழுதுவது என்று முடிவானது. இரண்டு வள்ளிகளுக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. ஆண்பெயரால் வந்த குழப்பம் அம்மா பெயரால் தீர்ந்தது.

*

இந்த வேலைக்கு ஒரு கோட்பாட்டு வரலாறு உண்டு. 1946-இல் ஹால்பர்ட் டன் என்ற அமெரிக்கப் புள்ளியியல் அதிகாரி எழுதிய கட்டுரை ஒன்றில், ஒவ்வொரு மனிதனும் பிறப்பில் தொடங்கி இறப்பில் முடியும் ஒரு வாழ்க்கைப் புத்தகத்தை உருவாக்குகிறான், சிதறிக்கிடக்கும் பதிவுகளைச் சேர்ப்பது அந்தப் புத்தகத்தின் பக்கங்களைத் தைப்பது போல என்ற பொருளில் சொல்கிறார். அழகான உவமை. அடுத்தவன் பக்கம் தவறித் தைக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதுதான் கவலை.

1969-இல் கனடாவின் புள்ளியியல் துறையைச் சேர்ந்த இவான் ஃபெல்லிகியும் ஆலன் சன்டரும் இதற்குக் கணித அடிப்படை அமைத்தார்கள். இன்று உலகெங்கும் ஓடுகிற பல நிரல்களின் மூதாதை அது. அவர்கள் ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு விடைகள் வைக்கவில்லை, மூன்று வைத்தார்கள்: ஒன்றே, வேறு, தெரியவில்லை. மூன்றாவது கூடையில் விழுவதை மனிதர் ஒருவர் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

அந்த மூன்றாவது கூடைதான் இந்த வேலையின் மனசாட்சி என்று நினைக்கிறேன். செலவைக் குறைக்கும்போது முதலில் காணாமல் போவதும் அதுவே. மனிதர் பார்க்க வேண்டும் என்றால் சம்பளம், பேருந்துக் கட்டணம், நாள் கணக்கு. அதனால் "90 சதவீதம் ஒத்தால் சேர்த்துவிடு" என்று ஒரு எண்ணை வைத்துவிடுவார்கள். கூடை காணாமல் போனதும் தெரியாது, ஏனென்றால் அறிக்கையில் எல்லாம் முடிந்ததாகவே இருக்கும்.

*

இதெல்லாம் ஐஸ்பெட்டி அளவில் நடந்தால் யாரோ ஒருவர் ஓடிவந்து சத்தம்போட்டுச் சரிசெய்துகொள்ளலாம். நாடளவில் நடக்கும்போது?

தமிழ்நாட்டில் 2025 நவம்பர் 4 அன்று வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வந்தபோது 6.41 கோடியாக இருந்த வாக்காளர்கள் 5.43 கோடி ஆகியிருந்தார்கள். நீங்கிய 97 லட்சம் பெயர்களில் பெரும்பகுதி இடம்பெயர்ந்தோர், இறந்தோர் என்ற கணக்கில் வந்தவை. ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பதிவானவை என்று நீக்கப்பட்டவை சுமார் 3.39 லட்சம். செங்கல்பட்டு மாவட்டத்தில் மட்டும் எல்லாக் காரணங்களும் சேர்ந்து ஏறத்தாழ 7 லட்சம் பெயர்கள். தாம்பரம், பல்லாவரம், சோழிங்கநல்லூர் என்று வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் மனிதர்களைக் கொண்ட மாவட்டம் இது. பழைய முகவரியிலும் புதிய முகவரியிலும் பெயர் இருப்பவர்கள் இங்கே நிறைய இருப்பார்கள் என்பதில் எனக்கு வியப்பில்லை.

ஒருவர் இரண்டு தொகுதிகளிலோ ஒரே தொகுதியில் இரண்டு முறையோ இருக்கக் கூடாது என்பது 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 17, 18ஆம் பிரிவுகள். நியாயமான விதி. இரண்டு ஓட்டு போடுகிறவன் ஒரு ஓட்டு போடுகிறவனுடைய ஓட்டின் எடையைக் குறைக்கிறான். ஆனால் அதே சட்டத்தின் 22ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. பட்டியலில் ஒருவர் இருக்கத் தகுதியில்லை என்று நீக்கும் முன் அவர் தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்பு தர வேண்டும். சட்டம் எழுதியவர்களுக்குக் கணினி தெரியாது. ஆனாலும் மூன்றாவது கூடையின் அவசியம் தெரிந்திருக்கிறது.

இந்த இரண்டு விதிகளுக்கும் நடுவே எண்ணிக்கை எப்படி விளையாடும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பாடம் இருக்கிறது. பல மாநிலங்களின் வாக்காளர் பட்டியல்களை முதற்பெயர், கடைசிப்பெயர், பிறந்த தேதி ஆகியவற்றை வைத்து ஒப்பிட "கிராஸ்செக்" என்று ஓர் ஏற்பாடு இருந்தது. மூன்றும் ஒத்தால் ஒரே ஆள்தானே என்று நமக்குத் தோன்றும். கோடிக்கணக்கான பேரில் அப்படி இல்லை; பரவலான பெயர் கொண்டவர்கள் ஒரே நாளில் பிறந்திருப்பது சகஜம். அந்த ஏற்பாடு முன்வைத்த நீக்க முறைகளில் ஒன்றைப் பின்பற்றினால், ஒரு இரட்டை வாக்குக்கான பதிவை நீக்க, முறையாக வாக்களித்த ஏறத்தாழ 300 பதிவுகளையும் சேர்த்து நீக்க வேண்டியிருக்கும் என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அங்கே கடைசிப்பெயரும் பிறப்புச் சான்றிதழும் உறுதியாக உண்டு. ஏழுமலைகளும் உத்தேச வயதுகளும் நிறைந்த நம் பட்டியலில் அந்த விகிதம் எங்கே நிற்கும்?

எது பிழைக்கும் என்ற கேள்வியும் இங்கே கூர்மையாகிறது. கொக்கிலமேட்டில் பிறந்து செங்கல்பட்டில் வாழ்க்கைப்பட்ட பெண்ணின் இரண்டு வரிகளில் முதலில் வந்தது பிறந்த வீட்டு வரி. "முதலாவதை வைத்துக்கொள்" என்ற விதி, அவள் இன்று வாழாத ஊரில் அவளை வைத்துவிட்டு, வாழும் ஊரிலிருந்து எடுத்துவிடும். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பாள்.

*

"அப்படியானால் எதையும் சேர்க்காமலே விட்டுவிடலாமே" என்று கேட்கலாம். நண்பர் ஒருவர் என்னிடம் அப்படித்தான் கேட்டார். "சந்தேகம்னா விட்டுடு, யாருக்கு என்ன நஷ்டம்?"

நஷ்டம் உண்டு. ஐஸ்பெட்டிகள் எண்ணிக்கையில் குறைவு. ஒருத்தி இரண்டு வரியில் நின்றால் பட்டியலின் கடைசியில் இருப்பவளுக்குக் கிடைக்காது. அவளும் மனுஷிதான், அவள் இழப்பும் கண்ணுக்குத் தெரியாததுதான். ஆஸ்பத்திரியில் ஒரே நோயாளிக்கு இரண்டு கோப்புகள் இருந்தால், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு ஒரு கோப்பில் தூங்கிக்கொண்டிருக்க, மற்றதைப் பார்த்து ஊசி போடுவார்கள். அட்டையில் ஒரு எழுத்து, சான்றிதழில் இன்னொரு எழுத்து இருக்கிறவர்கள் "நான்தான் அது" என்று நிரூபிக்க அலுவலகம் அலுவலகமாக அலைவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்கள் ஏங்குவதே யாராவது இரண்டையும் சேர்த்துவிட மாட்டார்களா என்றுதான்.

ஆகவே சேர்ப்பதும் சேர்க்காததும் இரண்டுமே தவறிப்போகலாம். இரண்டும் ஒரே மாதிரியான தவறா என்பதுதான் கேள்வி. இல்லை என்பது என் எண்ணம். ஒருத்தி இரண்டாக நின்றால் இரண்டு வரிகளும் கண் முன்னே இருக்கும். இன்றில்லாவிட்டால் நாளை யாராவது பார்த்துத் திருத்தலாம். இருவர் ஒருத்தியாகிவிட்டால் திருத்துவதற்கு எதுவும் மிச்சமில்லை. போனவள் வந்து கேட்டாலும், "உங்க பேர் இருக்கே, வாங்கிட்டீங்களே" என்றுதான் பதில் வரும். அவள் பெயரே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிடும். முதல் தவறு தடயத்தை விட்டுவைக்கிறது. இரண்டாவது தவறு தன் தடயத்தைத் தானே அழித்துவிடுகிறது. தெரிய வழியில்லாத தவறைச் செய்யக்கூடியவர் மற்றவரைவிட மெதுவாகத்தான் நடக்க வேண்டும்.

*

மெதுவாக நடப்பது எப்படி என்பதற்கும் மாமல்லபுரத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. பல்லவ அரசர்களுக்குப் பட்டப்பெயர்கள் ஏராளம். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் ராஜசிம்மனுக்கு மட்டும் இருநூறுக்கும் மேற்பட்டவை பொறிக்கப்பட்டிருக்கின்றன. மாமல்லபுரத்துக் கணேச ரதக் கல்வெட்டில் அத்யந்தகாமன் என்ற பெயர் வருகிறது. யார் அந்த அத்யந்தகாமன்? முதலாம் பரமேசுவரவர்மன் என்றார்கள் சிலர். அது ராஜசிம்மனின் பட்டங்களில் ஒன்று, அதிரணசண்டனும் அவனே, இங்கிருக்கும் சின்னங்கள் எல்லாமே அவன் ஒருவன் எடுத்தவை என்று 1962-இல் வாதிட்டார் இரா. நாகசாமி. அதை ஏற்றால் மாமல்லபுரம் ஒரே அரசனின் கனவு. ஏற்காவிட்டால் மாமல்லன் தொடங்கிப் பல தலைமுறைகளின் உழைப்பு. மறுப்புகள் வந்தன, விவாதம் இன்னும் ஓயவில்லை.

இதுவும் வரிகளைச் சேர்க்கிற வேலைதான். ஆனால் நாகசாமி சேர்த்தபோது எந்தக் கல்வெட்டும் அழியவில்லை. எந்த ஆதாரத்தில் சேர்க்கிறேன் என்று எழுதிவைத்தார். அதனால்தான் அவரை மறுக்கவும் முடிந்தது. ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன் இறந்துபோன அரசனுக்கு இந்த மரியாதை கிடைக்கிறது. மீன்கூடையோடு பேருந்துக்கு நிற்கிற பெண்ணுக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

நான் இப்போது வேலை எடுத்துக்கொள்ளும்போது சில நிபந்தனைகளைச் சொல்லிவிடுகிறேன். மூலப் பட்டியலில் ஒரு வரியையும் நீக்க மாட்டேன். இது அதுவே என்று ஒரு கட்டத்தில் குறித்து மட்டும் வைப்பேன். யார், எந்தத் தேதியில், எதை வைத்துச் சேர்த்தார்கள் என்பது பக்கத்திலேயே இருக்கும். சந்தேக ஜோடிகள் தனிக் கோப்பாக வரும், அதைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் நடக்க ஒருவர் வேண்டும். நீங்கப்போகிறவருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். கேட்கிறவர்கள் பெரும்பாலும் சலித்துக்கொள்கிறார்கள். "எக்செல்ல ஒரு கிளிக் சார் இது" என்கிறார்கள். ஒரு கிளிக்தான், மறுக்கவில்லை. போன வாரம் ஒருவரிடம், நடக்கிற ஆளுக்கு மூன்று நாள் சம்பளம் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று விலைப்பட்டியல் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.